சுகமாயிருக்கிற பிள்ளையை ஏன் திரும்ப வரச் சொல்லுகிறோம்?



சர்க்கரை வியாதிக்காரரின் பாதப் பராமரிப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு சகோதரியார் எங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சபையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டானாம். மூளையில் இரத்தக் கசிவு என்று டாக்டர்கள் சொன்னார்களாம். "பக்கவாதம் வயதானவர்களுக்குத்தானே வரும், பிள்ளைகளுக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. இதைக் குறித்து நாங்கள் எழுதவேண்டிய கடன் ஒன்றும் பல வருடங்களாகப் பாக்கி இருக்கிறது. அது என்ன கடன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

பிள்ளைகளுக்கும் வரும். ஆனால் காரணம் வேறு. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி, வருடக்கணக்கில் இரத்தக் குழாய் நலிந்து, ஒரு நாள் வெடிக்கிறது. பிள்ளைக்கு அந்த வயதுமில்லை, அழுத்தமுமில்லை. விழாமலும் அடிபடாமலும் ஒரு பிள்ளையின் மூளைக்குள் தானாக இரத்தம் கசிந்தால், டாக்டர்கள் முதலாவது தேடுவது அங்கே இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றனவா என்பதையே. இதைத் தமனி-சிரைப் பின்னல் என்று சொல்லலாம். டாக்டர்கள் ஏ.வி.எம். என்று மூன்றெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் நம் ஜனங்களுக்கு வடபழனியும் சினிமாவும்தான் ஞாபகத்துக்கு வரும். "ஐயா, என் பிள்ளை வியாதிக்கும் சினிமாக் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு தகப்பனார் எங்களைக் கேட்டதுண்டு. நாங்கள் சிரிக்கவில்லை. அவர் இரண்டு இரவாகத் தூங்காதவர்.

அவருக்கு விளக்கிய விதமாகவே உங்களுக்கும் விளக்குகிறோம். எங்கள் பக்கம் குளத்துப் பாசனம். குளத்துத் தண்ணீர் மடை திறந்ததும் வேகமாக வாய்க்காலில் பாய்கிறது. வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் பலத்த கரை உண்டு. அங்கிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து வாமடை, வாமடை வழியாக வயல். வயலில் பரவும்போது தண்ணீரின் வேகம் அடங்கிவிடும். பயிர் குடித்து மிஞ்சினது மெதுவாக வடிகாலில் இறங்கும். வடிகாலுக்கு யாரும் பெரிய கரை கட்டுவதில்லை, தேவையுமில்லை.

இருதயம் குளம். தமனி வாய்க்கால். கண்ணுக்குத் தெரியாத தந்துகிகள்தான் வயல். சிரை வடிகால். மூளையின் ஏதோ ஒரு மூலையில் வயல் இல்லாமலே வாய்க்காலும் வடிகாலும் நேரே முடிச்சுப் போட்டுக்கொண்டால் என்ன நடக்கும்? மடைத் தண்ணீரின் முழு வேகமும் மெல்லிய கரையுள்ள வடிகாலில் விழும். வடிகால் புடைக்கும், வளையும், சுருளும். பக்கத்து வயல்களுக்குப் போகவேண்டிய தண்ணீரும் இந்தக் குறுக்கு வழியில் ஓடிவிடலாம். என்றைக்கோ ஒரு நாள் கரை உடையும். அன்றைக்குத்தான் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு சரிகிறது. சில பிள்ளைகளுக்குக் கரை உடையுமுன்னே வலிப்பு வந்து, அதன் நிமித்தம் ஸ்கேன் எடுக்கையில் பின்னல் தெரியவருகிறது. ஆனாலும் பிள்ளைகளில் பெரும்பாலும் முதல் அறிகுறியே இரத்தக் கசிவாக இருக்கிறது.

எத்தனை பேருக்கு உடையும்? பின்னல் உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் 2 முதல் 4 பேருக்குக் கசியும் என்று டாக்டர்கள் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு தரம் கசிந்தவர்களுக்கு, முக்கியமாக அடுத்த ஒரு வருடத்துக்குள், அந்த அபாயம் இன்னும் அதிகம். நூற்றுக்கு மூன்று என்பது கேட்பதற்குச் சிறிதாய்த் தோன்றும். எழுபது வயதுக்காரருக்கு அது சிறிதுதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை வருடங்கள் கிடக்கின்றன! வருடத்துக்கு 3 என்றே வைத்துப் பெருக்கிப் பாருங்கள். 10 வருடத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேருக்கு ஒரு தரமாவது கசிந்திருக்கும். 50 வருடத்தில் 78 பேருக்கு. பிள்ளைகளின் காரியத்தில் டாக்டர்கள் பொறுத்திருக்கத் தயங்குவது இதனால்தான்.

எங்கள் கடன்

இனி அந்தக் கடனைச் சொல்லுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மருத்துவமனைக்கு ஒரு சிறுமி வந்தாள். தலைவலி, வாந்தி, இடது கை லேசாக விழுந்திருந்தது. சி.டி. ஸ்கேனில் சிறிய கசிவு தெரிந்தது. மூளை அறுவைச் சிகிச்சை வசதி எங்களிடம் இல்லாதபடியால் பட்டணத்துக்கு அனுப்பினோம். அங்கே ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. கட்டியிருந்த இரத்தம் தானாகவே கரைந்தது. கையும் வந்துவிட்டது. மூன்று வாரத்தில் அவள் ஓடியாடிக்கொண்டு வந்து நின்றபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சிற்றாலய ஆராதனையில் அவளையும் தாயாரையும் முன்னால் நிறுத்தி ஸ்தோத்திரம் செலுத்தினோம். அவள் புகைப்படம் இந்தப் பத்திரிகையிலேயே வந்தது. பூரண சுகம் என்று அடியில் எழுதினது நாங்கள்தான்.

பதினான்கு மாதம் கழித்து அவளை மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியிலேயே பிராணன் போயிருந்தது.

தாயார் ஒரு பிளாஸ்டிக் பையில் பழைய காகிதங்களையெல்லாம் பத்திரமாக மடித்து வைத்திருந்தார்கள். பட்டணத்து மருத்துவமனை கொடுத்த சீட்டின் கடைசி வரியில், இரண்டு மூன்று மாதத்தில் ஆஞ்சியோகிராமை மறுபடியும் எடுக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆராதனைக்கு முன்னால் அந்தப் பையைத் திறந்து பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் ஆஞ்சியோகிராமில் ஏன் தெரியவில்லை? கசிந்த இரத்தம் கட்டியாகி அழுத்தும்போது சிறிய பின்னல் நசுங்கி, அதற்குள் இரத்தம் ஓடாமல் போகலாம். இரத்தம் ஓடாத குழாய் படத்தில் தெரியாது. கட்டி கரைந்தபின் பின்னல் மறுபடி விரியும். ஆகையால் காரணம் தெரியாத கசிவுக்குப்பின் முதல் படம் சுத்தமாயிருந்தாலும், சில வாரங்களோ மாதங்களோ கழித்து இன்னொன்று எடுத்தாகவேண்டும். இதை இப்போது எங்கள் வார்டு நர்சுமார் எல்லாரும் அறிவார்கள். அந்நாளில் குருமாராகிய நாங்கள் அறியவில்லை.

யார் செய்த குற்றம்?

பெற்றோரிடம் உட்காரும்போது முதல் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற கேள்வி இது. வேப்ப மரத்திலிருந்து விழுந்தானே, அதனாலா? பரீட்சைக்கு அடித்துப் படிக்க வைத்தோமே, அதனாலா? கர்ப்பமாயிருந்தபோது அம்மை போட்டதே? ஒரு ஆச்சி எங்கள் காதருகே வந்து, மருமகள் வீட்டார் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அடித்துச் சொன்னார்கள். படித்தவர்கள் செய்வினை என்று சொல்லமாட்டார்கள். பரம்பரை என்பார்கள். இரண்டும் மருமகளைத்தான் குத்துகிறது.

2018இல் வெளியான ஒரு ஆய்வு இந்தக் காரியத்தில் எங்களுக்கு மிகவும் உதவியாயிருக்கிறது. அறுவைச் சிகிச்சையில் எடுத்த மூளைப் பின்னல்களைச் சோதித்தார்கள். 72 பேரில் 45 பேருடைய பின்னலில் கே-ராஸ் என்னும் ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தது. அவர்களில் 21 பேருடைய இரத்தத்தையும் கூடவே சோதித்தபோது ஒருவரிடத்திலும் அந்த மாற்றம் இல்லை. தாய் தகப்பனிடமிருந்து வந்ததாயிருந்தால் சரீரம் முழுவதிலும் இருக்கவேண்டுமே. அந்த இரத்தக் குழாயின் சுவரில் மாத்திரம், எந்த நாளிலோ, ஒரு அணுவில் நேர்ந்த பிசகு அது. விழுந்ததாலும் அடித்ததாலும் வருகிறதில்லை.

ஒரு விலக்கு உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. சில குடும்பங்களில் அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வடியும், உதட்டிலும் நாக்கிலும் சிவந்த புள்ளிகள் இருக்கும். அது பரம்பரையாய் வருகிற வேறொரு இரத்தக் குழாய் வியாதி. அவர்களுக்கு மூளையிலும் நுரையீரலிலும் பின்னல் இருக்கக்கூடும். அப்படிப்பட்ட வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் சோதிப்பது நல்லது. மற்றவர்களிடத்தில் நாங்கள் யோவான் 9ஆம் அதிகாரத்தை எடுக்கிறோம். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான். ஆண்டவர் அவன் பக்கமும் பெற்றோர் பக்கமும் விரல் நீட்டவில்லை. அதைச் சொல்லிவிட்டு, கே-ராஸையும் சொல்லுகிறோம். சில தாய்மாருக்கு முதலாவது உதவுகிறது, சிலருக்கு இரண்டாவது.

வைத்தியம் எப்படி நடக்கிறது?

முதல் நாளின் வைத்தியம் பின்னலுக்கு அல்ல, உயிருக்கு. இரத்தக் கட்டி பெரிதாயிருந்து மூளையை நசுக்கினால் ஓட்டைத் திறந்து கட்டியை எடுப்பார்கள். மூளை நீர் அடைபட்டால் ஒரு குழாய் வைத்து வெளியே வடியவிடுவார்கள். பின்னலை அன்றைக்கே தொடுவது அபூர்வம். மூளை வீங்கியிருக்கும்போது தொடுவது ஆபத்து. கூடுமானால் சில வாரங்கள் பொறுத்து, வீக்கம் தணிந்தபின் பின்னலுக்கென்று திட்டம் போடுகிறார்கள். "ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே, இன்னொன்று எதற்கு?" என்று பெற்றோர் திகைப்பதும் இந்த இடத்தில்தான்.

திட்டத்துக்கு வரைபடம் வேண்டும். அதுதான் ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கிலுள்ள தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, கழுத்து வரைக்கும் கொண்டுபோய், எக்ஸ்-ரேயில் தெரிகிற மருந்தை விட்டுப் படம் எடுக்கிறார்கள். மூளை இரத்தக் குழாய்களை இப்படி உயிருள்ளவரில் முதன்முதல் படமெடுத்துக் காட்டினவர் போர்ச்சுகல் தேசத்து டாக்டர் எகாஸ் மோனிஸ், 1927இல், லிஸ்பன் பட்டணத்தில். இன்றைக்கு எம்.ஆர்.ஐ. முதலானவை எவ்வளவோ வந்துவிட்டாலும், எந்த வாய்க்கால் எந்த வடிகாலில் எந்த நொடியில் விழுகிறது என்பதைக் காட்ட ஆஞ்சியோகிராமுக்கு ஈடு இல்லை. சிறு பிள்ளைகள் அசையாமல் படுக்கமாட்டார்கள், ஆகையால் மயக்கம் கொடுத்தே செய்கிறார்கள்.

படம் வந்தபின் மூன்று காரியங்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்னும் இரு டாக்டர்கள் வகுத்த முறை இது. பின்னல் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் 1, 3 முதல் 6 வரை 2, அதற்கு மேல் 3. பேச்சு, பார்வை, கைகால் அசைவு போன்றவற்றை ஆளுகிற இடத்தில் இருந்தால் இன்னொரு 1. வடிகால் மூளையின் ஆழத்துக்குள் போனால் இன்னொரு 1. கூட்டினால் 1 முதல் 5 வரை வரும். பரீட்சை மதிப்பெண்ணுக்கு நேர் எதிர்; குறைந்த மதிப்பெண்ணே நல்லது. 1, 2 வந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. 3 வந்தால் பிள்ளைக்குப் பிள்ளை யோசிக்கவேண்டும். 4, 5 என்றால், தொடுவதைவிட விட்டுவைப்பது நலம் என்று நல்ல டாக்டர்களே சொல்லுவதுண்டு. கையை விரித்துவிட்டார்கள் என்று அவர்களைக் கோபிக்கவேண்டாம்.

அறுவைச் சிகிச்சையில் மைக்ரோஸ்கோப்பின்கீழ் ஒவ்வொரு குழாயாகப் பிரிக்கிறார்கள். முதலில் வாய்க்கால்களை அடைக்கவேண்டும், வடிகாலைக் கடைசியில்தான் தொடவேண்டும். வடிகாலை முதலில் அடைத்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னல் வெடிக்கும். விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஒரு மூளை அறுவை நிபுணர் எங்களிடம் சொன்னபோது அருகிலிருந்த தகப்பனார், "மடையை அடைக்காமல் எவன் ஐயா வடிகாலில் கை வைப்பான்!" என்றார். முழுவதும் எடுத்துவிட்டால் அபாயம் அன்றைக்கே நீங்குகிறது. இதுவே இந்த வழியின் மேன்மை.

இரண்டாவது வழி, ஆஞ்சியோகிராம் போலவே உள்ளே போய், தலைமயிரைவிடச் சற்றே பெரிய குழாய் வழியாகப் பின்னலுக்குள் பசையை விடுவது. ஓனிக்ஸ் என்னும் மருந்தும் அப்படியே உள்ளே போய்க் கெட்டியாகிறது. தலையைத் திறக்கவேண்டியதில்லை என்று கேட்டதும் எல்லாப் பெற்றோரும் இதையே கேட்கிறார்கள். ஆனால் பசை மாத்திரமே பின்னலை முழுவதும் அடைப்பது சிலருக்குத்தான் வாய்க்கிறது. அநேகமாய் அறுவைக்கு முன் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதற்குப் பயன்படுகிறது. சின்னச் சரீரத்துக்கு ஒரே நாளில் கொடுக்கக்கூடிய மருந்துக்கும் எக்ஸ்-ரேக்கும் அளவு உண்டு. ஆதலால் இரண்டு மூன்று தரம் வரச் சொல்லுவார்கள்.

மூன்றாவது கதிர்வீச்சு. ஸ்வீடன் தேசத்து லார்ஸ் லெக்செல் என்பவர் 1968இல் ஸ்டாக்ஹோமில் முதல் காமா நைஃப் கருவியை அமைத்தார். பெயரில் கத்தி இருக்கிறதே தவிர, கருவியில் கத்தி இல்லை. இப்போதைய கருவியில் 192 கோபால்ட் மூலங்களிலிருந்து மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியில் கூடும்படி வைத்திருக்கிறார்கள். தனித்தனியே வழியிலுள்ள மூளைக்குப் பெரிய சேதம் இல்லை, கூடுகிற இடத்திலுள்ள குழாய்ச் சுவர்கள் தடித்து மெல்ல மெல்ல அடைபடுகின்றன. ஆழத்திலுள்ள, 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த பின்னல்களுக்கு இது ஏற்றது. ஆனால் அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும். எல்லாருக்கும் அடைபடுவதுமில்லை. அடைபடும் நாள் வரைக்கும் கசியும் அபாயம் நீங்குவதில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று வருடம் என்பது என்ன என்று ஒரு வீட்டில் நாங்கள் கண்டோம். எட்டு வயதுப் பெண் பிள்ளை. மூளையின் நடு ஆழத்தில் பின்னல், கத்தி போகக்கூடாத இடம். கதிர்வீச்சு ஒரே நாளில் முடிந்து, மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊரார் கண்ணுக்குச் சுகமான பிள்ளை. வியாதியஸ்தர் பட்டியலில் பெயரில்லை, ஆகவே யாரும் விசாரிக்கவுமில்லை. தாயார் மட்டும் இரவில் இரண்டு மூன்று தரம் எழுந்து அவள் மூச்சைக் கவனிப்பார்கள். பிள்ளை தலைவலி என்று சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளையோ, அம்மா பயப்படுகிறாள் என்று கண்டு, தலைவலித்தாலும் சொல்லாமலிருக்கப் பழகிக்கொண்டாள். இது தெரிந்தபோதுதான் மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போகத் தீர்மானித்தோம். பெரிய உபதேசம் ஒன்றும் செய்ததில்லை. காப்பி குடித்துவிட்டு, தலைவலியைக் கணக்கு நோட்டில் எழுதிவைக்கச் சொன்னோம், அவ்வளவுதான். மூன்றாம் வருட ஆஞ்சியோகிராமில் பெரும்பகுதி அடைபட்டிருந்தது, ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். மறுபடி ஒரு தரம் கதிர்வீச்சு. மறுபடி காத்திருக்கிறார்கள். தயவுசெய்து ஜெபத்தில் இந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கசியாத பின்னல் தற்செயலாய்த் தெரியவந்தால் என்ன செய்வது என்பது இன்னும் கடினமான காரியம். 2014இல் வெளியான அருபா என்னும் ஆய்வில், கசியாத பின்னல் உள்ளவர்களில் மருந்துகளோடு விட்டுவைக்கப்பட்டவர்களைவிட வைத்தியம் செய்யப்பட்டவர்களுக்கே பக்கவாதமும் மரணமும் அதிகமாய் நேர்ந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். சராசரியாய் மூன்று வருடத்துக்கும் குறைவாகவே அவர்களைப் பார்த்தார்கள். அறுபது எழுபது வருடம் வாழவேண்டிய பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, தள்ளிவிடவும் முடியாது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாய்ச் சொன்னால் ஒருவர் பொய் சொல்லுகிறார் என்று எண்ணாதீர்கள்.

பச்சைக் குழந்தைகளுக்கு வருகிற இன்னொரு வகை உண்டு. மூளையின் நடுவில் உள்ள கேலன் சிரை என்னும் பெரிய வடிகாலில் தமனிகள் நேரே விழுந்து, குழந்தையின் இருதயமே சோர்ந்துபோகும். முன்னே இவர்களில் அநேகர் பிழைத்ததில்லை. இன்றைக்குப் பசை வைத்தியத்தால் பலர் பிழைக்கிறார்கள். அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

ஐந்து வருடம் கழித்து

எங்களிடம் வந்த இன்னொரு பிள்ளையைச் சொல்லுகிறோம். பதினோரு வயதுப் பையன், ஆறாம் வகுப்பு. தாயார் பீடி சுற்றுகிறவர்கள், தகப்பனார் லோடு வேலை. பள்ளிக்கூடத்துக் காலை வரிசையில் விழுந்தான். இந்தத் தரம் எங்கள் ஸ்கேன் முடிந்து அரை மணியில் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. நம் தேசத்தில் மூளை அறுவைச் சிகிச்சைக்கென்று முதல் துறையை 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார் என்பதை மூத்த வாசகர்கள் அறிவீர்கள். கனடாவின் மான்ட்ரியலில் பயிற்சி பெற்று வந்தவர் அவர். அன்றைக்கு நாட்டில் ஒரே இடம். இன்றைக்கு நம் மாநிலத்தின் பல பட்டணங்களில் இந்த வசதி இருப்பதால்தான் அந்தப் பையன் அன்று மாலைக்குள் மேஜையில் ஏறினான்.

முதலில் கட்டியை எடுத்தார்கள். ஆறு வாரம் கழித்து ஆஞ்சியோகிராம். வலது முன்மூளையில் இரண்டரை சென்டிமீட்டர், மேலோட்டமான வடிகால், மதிப்பெண் 1. அறுவைச் சிகிச்சையில் முழுவதும் எடுத்தார்கள், பின்பு எடுத்த படமும் சுத்தம். இடது கால் சற்று இழுத்தது; எங்கள் பிசியோதெரபி சகோதரி நான்கு மாதம் உழைத்து நேராக்கினார்கள். பிள்ளையின் மூளைக்கு அப்படித் திரும்பக் கற்றுக்கொள்ளும் சக்தி பெரியவர்களைவிட அதிகம். வலிப்பு மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது.

இங்கேதான் இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறோம். பெரியவர்களிடத்தில், முழுவதும் எடுத்துப் படமும் சுத்தமாயிருந்தால் காரியம் முடிந்தது என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். பிள்ளைகளிடத்தில் அப்படியல்ல. வளருகிற மூளையில், வளருகிற இரத்தக் குழாய்களில், எடுத்த இடத்திலேயே பின்னல் மறுபடி தோன்றினது உண்டு. அது சிலருக்கே நேர்கிறது, ஆனால் வருடங்கள் கழித்தும் நேர்கிறது. ஆகவே பல மருத்துவமனைகளில் முதல் வருடம் ஒரு படமும், ஏறக்குறைய ஐந்தாம் வருடத்தில் இன்னொன்றும், சில இடங்களில் பெரிய பிள்ளையானபின் கடைசியாக ஒன்றும் எடுக்கிறார்கள். நடுவில் எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொள்ளுகிறார்கள்.

ஐந்தாம் வருடத்துப் படத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவது ஆபரேஷனுக்குக் கொண்டுபோவதைவிடக் கடினம் என்று சொன்னால் நம்புவீர்களோ? ஆபரேஷனுக்கு ஊரே திரண்டு பணம் சேர்க்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு யார் பணம் சேர்ப்பார்கள்? பஸ் கட்டணம், இரண்டு பேருக்கு லாட்ஜ், சாப்பாடு, தாயாருக்கு நான்கு நாள் பீடிக் கூலி நஷ்டம், தகப்பனாருக்கு லோடு நஷ்டம். எந்தக் காப்பீட்டிலும் அடங்காத காசு இது. நீங்கள் அனுப்புகிற காணிக்கையில் எங்களுக்கு ஆபரேஷன் என்று குறித்து வருவது அதிகம். மறுபரிசோதனை என்று குறித்து வருவது மிகவும் சொற்பம். கடிந்துகொள்ளவில்லை. சுகமான பிள்ளையின் படத்தைப் போட்டுக் காரியம் முடிந்தது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தானே.

உங்கள் சபைகளில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தயவுசெய்து காகிதப் பையைத் திறந்து, மருத்துவமனைச் சீட்டின் கடைசி வரியைப் பெற்றோருக்குத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். அதுவே முதல் உதவி. சாட்சி சொல்ல நிறுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, வாசித்தபின் நிறுத்துங்கள். இன்னொன்று: ஒரு பிள்ளைக்குத் திடீரென்று, அதுவரை இல்லாத கடும் தலைவலியும் வாந்தியும் வந்து தூக்கம்போல மயங்கினாலோ, ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, முதன்முறை வலிப்பு வந்தாலோ, ஒருக்களித்துப் படுக்கவைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள். வாயில் சோடாவோ கருப்பட்டிக் காப்பியோ ஊற்றாதீர்கள். பள்ளிக்கூடம் போகிற நாளில் மாத்திரம் வருகிற தலைவலிக்கெல்லாம் பயந்து ஸ்கேனுக்கு ஓடவும் வேண்டாம். அவற்றில் பின்னல் இருப்பது மிக மிக அபூர்வம்.

அந்தச் சிறுமி போனபின் எங்கள் சிற்றாலய அலமாரியில் ஒரு நீள நோட்டு வைத்தோம். பெயர், ஊர், கடைசியாகப் படமெடுத்த தேதி, அடுத்த தேதி, யார் கூடப் போகிறது என்று ஐந்து கட்டம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதைத் திறந்து, தேதி நெருங்குகிறவர்களின் வீட்டுக்குப் போகிறோம். சென்ற மாதம் பீடி சுற்றும் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். பையனுக்கு இப்போது பதினாறு வயது, மீசை அரும்பியிருக்கிறது. "நல்லாத்தானே ஐயா இருக்கான், எதுக்கு மறுபடியும் ஊசியும் மயக்கமும்?" என்று அம்மா கேட்டார்கள். பையனோ டியூஷன் போய்விடும், கால்பந்து மேட்ச் இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாங்கள் அந்தச் சிறுமியின் கதையை, எங்கள் தவறோடுகூட, சொன்னோம். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு பையன் எழுந்துபோய்த் தன் காலண்டரை எடுத்துவந்து, எந்தத் தேதி என்று கேட்டான். ஜூன் இரண்டாம் வாரம், பரீட்சை முடிவு வந்தபின். கூடப் போகிறவர் என்ற கட்டத்தில் தகப்பனார் தம்முடைய பெயரைத் தாமே எழுதினார்.